ஆழியாறு ஏற்றத்தில் தண்ணீர் குடிக்கும் பழைய 800: ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

பொள்ளாச்சி_800

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1998ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். அப்பா வாங்கியது, விற்கிற எண்ணம் இல்லை. உடுமலைக்கும் கோவைக்கும் போய் வந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வால்பாறைக்கு ஏறினால்தான் வம்பு. ஆழியாறு தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் வெப்பமானி முள் சிவப்பை நோக்கிப் போகிறது. அட்டகட்டியில் நிறுத்தி ஆறவைத்துப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. கீழே எங்கும் சொட்டிய தடம் இல்லை.

காலையில் முதல் முறை கிளப்பும்போது சிறிது நேரம் ஒரு சிலிண்டர் எரியாததுபோல் உதறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. இங்குள்ள மெக்கானிக் பானெட்டைத் திறந்த உடனே, "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பி ஹெட்டை இறக்கலாமா? அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

காங்கேயம்_வெயில்

தம்பி, ஹெட்டையெல்லாம் இறக்கிச் செலவை இழுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகல் அடைப்பான் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. என் மாமாவின் வேனில் ஊற்றினோம். இன்றுவரை ஓடுகிறது.

கணபதி_லேத்

காங்கேயத்தார் மன்னிக்க வேண்டும். மாமாவின் வேனில் எந்த இடத்தில் ஒழுகல் இருந்தது? ரேடியேட்டர் குழாயில் ஊசித் துளை என்றால் அந்தப் பாட்டில் அடைக்கும். எரிவறையின் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் அறைந்துகொண்டிருக்கிற இடத்தில் அந்தப் பசை நிற்காது. அங்கே நிற்காதது எங்கே போய் நிற்கும்? ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் ஹீட்டர் குழாயிலும்தான். ஏற்கெனவே சூடேறும் வண்டிக்கு இது கெடுதல். பிறகு என் பட்டறைக்கு வரும் ஹெட்டில் தண்ணீர்த் துளையெல்லாம் பழுப்புக் களிம்பாக இருக்கும், அதைச் சுரண்டுவது என் தலையில் விழும்.

பொள்ளாச்சித் தம்பிக்கு: உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பானெட்டைத் திறந்த உடனே சொன்னார் பாருங்கள், அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் காணாமல் போவதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியும், சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும், தரையில் தடம் இராது. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். ஹீட்டர் இருந்தால் கால்மிதியடிக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். சில கார்ப்பரேட்டர் இன்ஜின்களில், பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் வெந்நீர் ஓடும். அங்கே கேஸ்கட் போனாலும் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் வெள்ளைப் புகை வரும். ஹெட்டை இறக்கியவன் அதைக் கவனிக்காமல் புதுக் கேஸ்கட் போட்டு மாட்டினால் மறுநாளும் அதே புகைதான்.

குன்னூர்_இறக்கம்

ரேடியேட்டர் மூடியை யாரும் சொல்லவில்லையே. மூடி என்றால் வெறும் மூடி இல்லை, அழுத்த வால்வு. 0.9 கிலோ என்று பொறித்த மூடி சரியாக வேலை செய்தால் சமவெளியில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்துபோன மூடியோடு மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் துணை. வால்பாறை உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குள் கொதித்துவிடும். உதகை 2,240 மீட்டர், அங்கே 93கூடத் தாங்காது. சமவெளியில் நல்ல பிள்ளையாக ஓடி மலையில் மட்டும் பொங்குகிற வண்டிக்கு நான் முதலில் மாற்றுவது மூடியைத்தான். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

இரண்டாவது, மின்விசிறி. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்று கிடையாது, விசிறியை நம்பித்தான் ஓடுகிறது. வெப்ப சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் விசிறி நல்லது, சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. சூடேறி நிற்கும் இன்ஜினில் சாலையோர ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களை இந்த மலைப்பாதைகளில் நிறையப் பார்க்கிறேன். அலுமினிய ஹெட் அதற்கே விரிசல் விடும். அரை மணி நேரம் பொறுத்தால் என்ன?

சங்ககிரி_லாரி

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை. குளிர்நாட்டுக்காரன் வைத்தது. எங்களிடம் வரும் எந்த வண்டியிலும் முதல் வேலை அதுதான்.

கணபதி_லேத்

சங்ககிரி அண்ணா, லாரி விஷயத்தில் உங்களிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இதில் மட்டும் சண்டைதான்.

பல இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பி வர ஒரு பைபாஸ் பாதை இருக்கும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் பக்கம் திறக்கும், சில வகைகளில் அதே நேரத்தில் பைபாஸை மூடவும் செய்யும். அப்படிப்பட்ட வண்டியில் அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். வெந்நீரில் ஒரு பங்கு ஆறாமலேயே இன்ஜினுக்குள் சுற்றும். சமவெளியில் முள் கீழே நிற்கும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். சுமையோடு ஏறும்போது கைவிட்டுவிடும். மற்ற நேரமெல்லாம் இன்ஜின் சூடேறாமல் ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சுவர் தேயும். கெட்டிருந்தால் புதிதாக வாங்கிப் போடுங்கள். கெட்டதா என்று அறிய ஒரு பாத்திரத்தில் தண்ணீரில் நூல்கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 என்றோ 88 என்றோ அதிலேயே பொறித்திருக்கும். அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

சங்ககிரி_லாரி

பைபாஸ் உள்ள வண்டிக்குச் சரி. இல்லாத வண்டிக்கு நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

திருப்பூர்_பத்மினி

தெர்மோஸ்டாட் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்தத் தம்பி கேட்டது கேஸ்கட் போயிருக்கிறதா என்று. என் பிரீமியர் பத்மினி காருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அதுவும் இரும்பு பிளாக், அலுமினிய ஹெட்.

ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றி விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். வாட்டர் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பம்ப் கலக்குவதே குமிழாகத் தெரியும். கிளப்பி இலேசாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் எரிவறைக் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், பம்ப் சுற்றாமல் ஓடுகிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

கோவையில் பெரிய உதிரிபாகக் கடைகளில் நீல நிறச் சோதனைத் திரவம் கேட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் வாயில் அதன் குழாயை வைத்து ஆவியை உறிஞ்ச வேண்டும். எரிந்த பெட்ரோலின் கரியமிலவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். தண்ணீர் மட்டத்தை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், திரவத்துக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை பாழ்.

கணபதி_லேத்

நல்ல யோசனை. அதோடு கம்ப்ரஷன் பாருங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தத்தை. மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றும்போதே கவனியுங்கள், தண்ணீர் போன சிலிண்டரின் பிளக் மட்டும் கரி இல்லாமல் கழுவி வைத்ததுபோல் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் விளிம்பு எரிந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

சந்தேகம் தீராவிட்டால் காற்று அடித்துப் பார்க்கலாம். 1960 முதல் எல்ஜி (ELGi) நிறுவனம் கம்ப்ரசர் செய்கிற கோவை இது, இங்கே கம்ப்ரசர் இல்லாத பட்டறையைத் தேடினால்தான் கஷ்டம். பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவின் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, பிளக் துளை வழியாகக் காற்றை விடுங்கள். கார்ப்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தாலோ பக்கத்துப் பிளக் துளையில் காற்று வந்தாலோ கேஸ்கட். ஹெட் விரிசலிலும் ரேடியேட்டரில் குமிழ் வரும் என்பதால் இறக்கிய பிறகும் ஒரு பரீட்சை இருக்கிறது.

குன்னூர்_இறக்கம்

ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கட் நல்லது என்று எண்ண வேண்டாம். கேஸ்கட் அடைத்துவைத்திருப்பது மூன்றை: எரிவறை அழுத்தம், தண்ணீர், ஆயில். எந்த இரண்டுக்கும் நடுவில் போயிற்றோ அதற்கேற்ற குறிதான் தெரியும். தண்ணீரும் ஆயிலும் சேர்ந்தால்தான் பால் காபி நிறம்.

மறுபக்கமும் உண்டு. மலையில் குளிர்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் ஆயில் மூடியின் அடியில் வெளிறிய களிம்பு படியும். அது வெறும் ஈரம். அதைப் பார்த்து ஹெட்டை இறக்கச் சொன்னவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நீண்ட தூரம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடானதும் அது காணாமல் போயிற்று. டிப் ஸ்டிக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொள்ளாச்சி_800

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார். மூடியைப் புதிதாக மாற்றினோம். விசிறி சுற்றுகிறது. வாட்டர் பம்பில் கசிவு இல்லை. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி, முன்பு யாரோ கழற்றியிருக்கிறார்கள்!

கம்ப்ரஷன்: முதல் சிலிண்டர் 11.5 கிலோ, இரண்டாவது 6, மூன்றாவது 6.5. ஆயில் விட்டும் ஏறவில்லை. இரண்டாவது பிளக் பளிச்சென்று இருந்தது. நீலத் திரவம் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கிவிடலாம்தானே?

கணபதி_லேத்

இப்போது இறக்கலாம். இதைத்தான் கேட்டேன்.

அவசரம் வேண்டாம். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் நேராக இருக்கும் ஹெட்டும் வளைந்துபோகும். டைமிங் பெல்ட் குறிகளைச் சேர்த்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எரிந்த இடம் எது, தண்ணீர்த் துளையைச் சுற்றி அரித்திருக்கிறதா என்று படம் போடுங்கள்.

பரப்பைச் சுத்தம் செய்ய கிரைண்டரில் உராய்வுத் தகடு மாட்டிக்கொண்டு யாராவது வந்தால் வழிமறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும், உதிரும் தூள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டி, கரைப்பான், பொறுமை, இவை போதும். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல்: பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. உலர்ந்தபடி தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம், நனைத்து எடுங்கள்.

பொள்ளாச்சி_800

இறக்கியாயிற்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கேஸ்கட் கரிந்து அறுந்திருக்கிறது. இரண்டாவதை ஒட்டிய தண்ணீர்த் துளையைச் சுற்றி அலுமினியம் அரித்திருக்கிறது. பிளாக்கின் தண்ணீர் அறைக்குள் வெள்ளைப் பாறையும் துருச் சேறுமாக இருக்கிறது. வீட்டு போர் தண்ணீரைத்தான் எப்போதும் ஊற்றுவோம்.

கணபதி_லேத்

நினைத்தேன். நம் பக்கத்து உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்? வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டர் குழாய் குறுகுகிறது, பிளாக்கின் சூடு தண்ணீருக்கு இறங்க மறுக்கிறது. இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அரிப்பு முதலில் அலுமினியத்துக்குத்தான். சிறுவாணித் தண்ணீர் குடிக்க இனிக்கும் என்பதற்காக அதையும் ஊற்ற வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் எத்திலீன் கிளைகால் கூலன்ட்டும் சரிபாதி. நம் ஊரில் எதுவும் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். அதில் இருக்கும் அரிப்புத் தடுப்புக்காகத்தான் ஊற்றச் சொல்கிறேன்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது நடுவில் உள்ள கேஸ்கட். மிதமிஞ்சிச் சூடானால் ஹெட் விரிய வழியின்றி வளைகிறது, ஆறியபின் நிமிர்வதில்லை. ஆகவே நேர்விளிம்பை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை அடியில் விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் எனக்குக் கவலை. பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே பார்க்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

பொள்ளாச்சி_800

ஹெட்டின் நடுவில் 0.15 நுழைகிறது. பிளாக்கில் 0.05 நுழையவில்லை.

கணபதி_லேத்

ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். கிரைண்டிங் போடுவதற்கு முன்பே விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள், விரிசல் ஹெட்டை மட்டம் பிடிப்பது வீண் செலவு. வண்ணத் திரவம் தடவிப் பார்ப்பது ஒரு வழி. தண்ணீர்ப் பாதைகளை அடைத்துக் காற்று ஏற்றி வெந்நீரில் அமிழ்த்திப் பார்ப்பது அதைவிடத் தெளிவு. வால்வு இருக்கைகளுக்கு நடுவில்தான் விரிசல் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

மட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் எடுத்தால் எரிவறை சிறுத்துக் கம்ப்ரஷன் ஏறும், இன்ஜின் தட்டும். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேலே உள்ள இன்ஜினில் டைமிங்கும், அதாவது வால்வு திறந்து மூடும் நேரமும், சற்று நகரும். ஹெட் வளைந்தபோது கேம்ஷாஃப்ட் அமரும் துளைகளும் கூடவே வளைந்திருக்கலாம். கேம்ஷாஃப்ட்டை உள்ளே விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் அந்த ஹெட்டின் மேல் நான் காசு போட மாட்டேன். அரித்த துளை விளிம்பு கிரைண்டிங்கில் போகாவிட்டால் வெல்டிங் வைத்து மறுபடி மட்டம் பிடிக்க வேண்டும்.

இதற்கிடையில் ரேடியேட்டரையும் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சேற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் புதுக் கேஸ்கட் போட்டால் அடுத்த வால்பாறைப் பயணத்தில் அதுவும் எரியும்.

காங்கேயம்_வெயில்

மாமாவின் வேனைப் பற்றி இனி இங்கே பேசமாட்டேன். ஒரே ஒரு கேள்வி. கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் பசை தடவி வைக்கலாமா?

திருப்பூர்_பத்மினி

கேஸ்கட் செய்தவன் சொன்னால் ஒழிய வேண்டாம். பசை பிதுங்கித் தண்ணீர், ஆயில் துளைகளை அடைக்கும். பரப்பு மட்டமாகவும் உலர்ந்தும் இருந்தால் பசைக்கு வேலை இல்லை. மேல்பக்கம் எது, முன்பக்கம் எது என்று கேஸ்கட்டில் குறி இருக்கும், அதைக் கவனியுங்கள். திருப்பி வைத்தால் ஒரு ஆயில் துளை மூடிக்கொண்டுவிடும்.

கணபதி_லேத்

மாட்டும்போது போல்ட் துளைகளைப் பாருங்கள். அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கி நின்றால், போல்ட் இறங்கும்போது அது ஒதுங்க இடமின்றிப் பிளாக்கையே பிளந்துவிடும். மரை வெட்டும் டேப் கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்து காற்று அடித்து உலர்த்துங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். கைக்கணக்கில் முறுக்குவேன் என்று மார்தட்டும் மூத்த மெக்கானிக்குகளை மதிக்கிறேன், ஆனாலும் ரெஞ்ச் கட்டாயம். நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போக வேண்டும், பல கட்டங்களாக. இறுதி அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள், இங்கே யாராவது ஞாபகத்திலிருந்து எண் சொன்னால் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். பிற்காலத்து இன்ஜின்கள் சிலவற்றில் போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் நீளும் வகை. அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

பவானி_அம்பாசிடர்

நீண்ட நாளாக வாசிக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். என்னுடையது 1489 சிசி பழைய பெட்ரோல் அம்பாசிடர். ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. ஆகவே இந்த வளைகிற கதையெல்லாம் எங்களுக்குக் குறைவு. சூடேறினாலும் மன்னிக்கும் இன்ஜின். ஆனால் போன மாதம், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றி மாட்டினார்கள், அதன்பின் ஹெட்டின் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது. ஹெட்டைத் தொடவே இல்லை என்று மெக்கானிக் சத்தியம் செய்கிறார்.

கணபதி_லேத்

ஐயா, அவர் பொய் சொல்லவில்லை. அந்த இன்ஜினில் ராக்கர் தாங்கிகளின் பெரிய நட்டுகள் நான்கும் ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளும்தான். ராக்கரைக் கழற்ற அவற்றைத் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கம் மட்டும் பிடி விடுகிறது, கேஸ்கட் அசைகிறது. கூலன்ட்டை இறக்கிவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே ராக்கரை எடுக்க வேண்டும்.

பவானி_அம்பாசிடர்

அப்படியா! இப்போது மறுபடி முறுக்கினால் கசிவு நிற்குமா, புதுக் கேஸ்கட்டா?

கணபதி_லேத்

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு நட்டையும் வரிசைப்படி கால் சுற்றுத் தளர்த்தி, புத்தகத்தில் உள்ள அளவுக்கு மறுபடி முறுக்கிப் பாருங்கள். முறுக்கியதும் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) மாறியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். கசிவு அப்போதும் தொடர்ந்தால் புதுக் கேஸ்கட்தான். அந்தப் பழைய வகைக் கேஸ்கட் என்றால் கொஞ்சம் ஓட்டி ஆறவைத்த பிறகு இன்னொரு முறை முறுக்க வேண்டும். பொள்ளாச்சித் தம்பி, நீங்கள் இதைப் படித்துவிட்டு ஆர்வத்தில் மறுபடி முறுக்கக் கிளம்ப வேண்டாம். உங்கள் கேஸ்கட் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். உறையை இன்னும் குப்பையில் போடவில்லைதானே?